காலைக் காட்டுங்க

அவருடைய பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது படித்துவிட்டு, "ஏ புள்ள, என் பேர வச்சுப் பொழப்பு நடத்துறியா?" என்று கேட்டாலும் கேட்பார். எங்கள் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவர் டாக்டரம்மா. ஊருக்குள் சர்க்கரை டாக்டரம்மா. பேகம்பூர் பக்கம் மட்டும் கால் டாக்டரம்மா. அந்தப் பேர் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். பிடித்தது, பிடிக்காதது எதையும் முகத்தில் காட்டுகிறவர் இல்லை என்பதால் இது என் ஊகம்தான்.

நான் அவருடைய அறையில் உதவிக்கு நின்றவள். கட்டுப் பிரிப்பது, தட்டு எடுத்து வைப்பது, வெளியே இருப்பவர்களை ஒவ்வொருவராக உள்ளே விடுவது. பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தை மருந்துப் பெட்டியில் ஒட்டியிருப்பதைப் படித்தும், வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டும் தேற்றிக்கொண்டேன். இந்த இரண்டில் பேச்சுதான் எனக்கு ருசி.

ஆள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் மற்ற டாக்டர்கள் "என்ன பண்ணுது?" என்பார்கள். இவர் அதைக் கேட்கமாட்டார். பெரியவர் என்றால் "காலைக் காட்டுங்க." சின்னவர் என்றால் "காலக் காட்டு." அவ்வளவுதான் வரவேற்பு. ஒரு தடவை நத்தத்திலிருந்து வந்த மாங்காய் வியாபாரி ஒருத்தர், "என்னம்மா, மூஞ்சியக்கூடப் பாக்காம காலக் கேக்குறீக?" என்று குறைப்பட்டார்.

"மூஞ்சியப் பாத்து மருந்து எழுத நான் என்ன பொண்ணா பாக்க வந்திருக்கேன்? காட்டுங்க."

சர்க்கரை உடம்பில் ரொம்ப வருசம் தங்கிவிட்டால் பாதத்தில் உணர்ச்சி செத்துவிடும். முள் ஏறினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது. தெரியாததால் புண் ஆகும், புண் அழுகும், பிறகு காலையே எடுக்க வேண்டிவரும். அதனால்தான் காலில் இருந்து தொடங்குவார். அதில் புதுமை இல்லை. அவர் பார்க்கிற விதம்தான் ஊரையே பேசவைத்தது.

நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து, தான் ஒரு குட்டை முக்காலியில் உட்காருவார். மடியில் பச்சைத் துணி ஒன்றை விரிப்பார். வந்தவரின் காலைக் குனிந்து எடுத்து அந்த மடிமேல் வைத்துக்கொள்வார். தெரியாமல் நம் கால் ஒருவர்மேல் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊர் இது. இங்கே படித்த அம்மா, அதுவும் டாக்டர், காலை மடியில் வாங்குகிறார் என்றால் சும்மா இருப்பார்களா? நாற்காலியில் இருந்து எழுந்தே ஓடினவர்கள் உண்டு. தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிற ஒருத்தர் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டு, "வேணாம்மா, வாடை அடிக்கும், வேணாம்மா" என்று அழுகிற மாதிரி ஆகிவிட்டார். டாக்டரம்மா அடியில் கையை விட்டு அந்தக் காலைப் பிடித்து இழுத்தார். கோழிக்கூண்டுக்குள் கையை விட்டுப் பிடிப்பது மாதிரிதான் இருந்தது. தாடிக்கொம்புப் பெரியவர் ஒருவர் கும்பிட்டபடி சொன்னார்: "ஆத்தா, இந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோயித் தொலைப்பேன்?"

"நீங்க சர்க்கரையத் தொலைங்க. பாவத்த நான் பாத்துக்கிறேன்."

சிரிக்காமல் சொல்வார். நாங்கள்தான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வோம்.

காலை மடியில் வைத்ததும் ஒரு நைலான் நரம்பை எடுப்பார். தூண்டில் நரம்பு மாதிரி, விரல் நீளம்தான் இருக்கும். "கண்ண மூடுங்க. நான் தொடுறப்ப சொல்லுங்க." நரம்பு முனையால் பாதத்தில் அங்கங்கே அழுத்துவார். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. எங்கள் ஆட்களோ, டாக்டரம்மா மனசு கோணக் கூடாது என்று, கண்ணை மூடின உடனே "தெரியுது, தெரியுது" என்பார்கள்.

"நான் இன்னும் தொடவே இல்ல."

"தொடப்போறது தெரியுதும்மா."

இவர் இப்படிக் காலையே பார்த்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் அதே கண்ணோடுதான் திரிந்தார். பஸ் ஸ்டாண்டில் யாராவது வணக்கம் வைத்தால் முதலில் கீழே பார்ப்பார். அப்புறம்தான் ஆளை அடையாளம் தெரியும். என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மண்டபத்து வாசலில் செருப்புகள் மலையாகக் கிடந்தன. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினவர், அங்கேயே நின்றுவிட்டார். குனிந்து ஒரு ஆண் செருப்பை எடுத்தார். அடியில் ஒரு சின்ன ஆணி ஏறி, உள்பக்கம் முனை துருத்திக்கொண்டிருந்தது. முனையைச் சுற்றி ரத்தம் காய்ந்திருந்தது. செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மேளச் சத்தத்துக்கு மேலே, "யார் செருப்பு இது? யார் செருப்பு?" என்று மண்டபத்துக்குள் வந்துவிட்டார். டாக்டரம்மாவின் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுப் போய்விட்டதாக நினைத்து, மாப்பிள்ளை வீட்டார் ஆளுக்கொரு ஜோடி எடுத்துவந்து நீட்டினார்கள். கடைசியில் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவருடைய செருப்பு அது. அவருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆணியோடே மண்டபம் வரைக்கும் நடந்து வந்திருக்கிறார். டாக்டரம்மா அவர் கையிலிருந்த பாயச வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "காலைக் காட்டுங்க."

இதெல்லாம் தொண்ணூறுகளின் கதை. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து, எங்கள் ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட்டில் ஒரு புதுத் திட்டம் வந்தது. டாக்டர் எத்தனை பேரைப் பார்த்தார் என்பது முக்கியமில்லை, எப்படிப் பார்த்தார் என்பதுதான் முக்கியம். அதற்குத் தகுந்தபடி சம்பளத்தோடு கூடுதலாகத் 'தரப்படி' என்று ஒன்று உண்டு என்றார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாள். சர்க்கரை பார்த்தாயிற்றா, பிரஷர் பார்த்தாயிற்றா, பாதம் பரிசோதித்தாயிற்றா, சாப்பாடு பற்றிச் சொன்னாயிற்றா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா. செய்ததற்கு எதிரே கட்டத்தில் டிக் போட வேண்டும். மாசக் கடைசியில் எல்லாத் தாளையும் கூட்டிச் சென்னைக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதை 'டிக்குக் காசு' என்போம்.

திட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் நாடியைக்கூடத் தொடாமல் மாத்திரை எழுதித் தள்ளியவர்கள் எங்களிடமும் இருந்தார்கள். அவர்களும் நோயாளியைத் தொட ஆரம்பித்தார்கள். ஆனால் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் சர்க்கரை இறங்காத ஆட்கள் சிலர் இருப்பார்கள் இல்லையா, அவர்களைக் கண்டால் டாக்டர்களுக்குப் பயம் வந்துவிட்டது. தாளைக் கெடுக்கிற ஆட்கள். பக்கத்து அறையில் இருந்த இளம் டாக்டர் ரொம்ப மரியாதையாகச் சொல்லி அனுப்புவார்: "நீங்க மேடத்தையே பாருங்க ஐயா, அவங்கதான் அனுபவசாலி." இப்படி எங்களிடமே திரும்பி வந்து சேர்ந்தவர்தான் அந்த நத்தத்து மாங்காய் வியாபாரி.

"சித்திரை, வைகாசியில மட்டும் ஏன்யா இம்புட்டு ஏறுது?"

"ருசி பாக்காம எப்படிம்மா விலை சொல்றது?"

"நாக்குல பாருங்க. தொண்டையில எறக்காதீங்க."

இப்படிப்பட்டவர்களால் சர்க்கரைக் கட்டத்தில் டாக்டரம்மாவுக்கு டிக் விழவே விழாது. பாதக் கட்டத்தில் மட்டும் ஒன்று விடாமல் டிக். அதற்கு அவர் தனியாக எதுவும் செய்யவில்லை. எப்போதும் செய்ததுதான்; இப்போது அதற்குக் காசு கொடுத்தார்கள்.

ஊரில் இன்னொன்றும் நடந்தது. திட்டம் வந்ததும், எல்லாரும் கட்டாயம் கால் காட்ட வேண்டும் என்று வாசலில் போர்டு வைத்தார்கள். நம் ஆட்கள் கால் காட்ட வரும்போது கழுவாமல் வருவார்களா? அதுவும் ஒருத்தர் மடியில் வைக்கப்போகிற கால். திண்டுக்கல்லில் அப்போது குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. குடத்தை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவோம். அந்தத் தண்ணீரில் காலுக்குத் தனியாக ஒரு சொம்பு எடுத்துவைத்தார்கள். கல்லில் தேய்த்துக் கழுவி, பெண்கள் மஞ்சள் பூசி வந்தார்கள். பித்த வெடிப்பைப் பிளேடால் சீவி வழவழப்பாக்கிக்கொண்டு வந்த ஒருவரை டாக்டரம்மா திட்டி அனுப்பினார். "அழுக்கா வந்தா வைத்தியம் பாக்கலாம். அழகா வந்தா நான் என்னத்தப் பாக்குறது?" அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

இனி பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். பெரிய உடம்பு, சின்னக் குரல். டாக்டரம்மாவிடம் பயமில்லாமல் பேசின ஒரே ஆள் அவர்தான். சர்க்கரை இறங்கவில்லை என்று மாத்திரையை மாற்றி மாற்றி எழுதினால் சொல்வார்: "டாக்டரம்மா, தம் போட்ட பெறகு மூடியத் தெறந்து தெறந்து பாக்கக் கூடாது. மாத்திரை குடுத்தாச்சுல்ல, செத்த நேரம் விடுங்க."

"இது சோறு இல்ல பாய்."

"சோத்தாலதான் எறங்க மாட்டேங்குது."

நைலான் நரம்பைக் கையில் எடுக்கும்போதே கண்ணை மூடி "தெரியுது" என்பதில் அவர்தான் முதல். அவருக்குப் பாதம் இரண்டும் எப்போதோ மரத்துவிட்டது. அது டாக்டரம்மாவுக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நரம்பை எடுப்பார், அவரும் தெரியுது என்பார். அவர்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அந்த உடம்போடு அடுப்பு முன்னால் நாளெல்லாம் நிற்கிற வேலை. "நிக்கிற வரைக்கும்தான் மாஸ்டர்" என்று அவரே சொல்வார்.

ஒரு திங்கட்கிழமை. பாய் புதுச் சட்டை போட்டு, காலில் உறை போட்டு வந்திருந்தார். காலுறை போட்டு நான் பார்த்ததே இல்லை. "என்ன பாய், மாப்பிள்ள மாதிரி?" என்றேன். "மருமகனோடதும்மா. கழுவுன காலு, தூசி படக் கூடாதுல்ல" என்றார்.

டாக்டரம்மா வலது காலை எடுத்து மடியில் வைத்து உறையை உருவினார். உறையோடு சேர்ந்து தோலும் வந்தது.

கொஞ்சம் இல்லை. விரலில் இருந்து குதிகால் வரைக்கும். உள்ளே சிவப்பாக, ஈரமாக இருந்தது. நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். டாக்டரம்மா உறையை மெல்ல வைத்துவிட்டுக் கேட்டார்.

"எதுல கழுவுனீங்க பாய்?"

"சுடுதண்ணியிலதான் டாக்டரம்மா. அடுப்படிக் காலு, நெய்யும் கரியும் பச்சத் தண்ணிக்குப் போகாது. அரிசி வடிச்ச தண்ணி இருந்துச்சு, வீணாப் போகுதேன்னு அதுல செத்த நேரம் வச்சிருந்தேன்."

பாய் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளங்கால் தெரியாது. வலியும் இல்லை.

"ஏன், இன்னும் அழுக்கு இருக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். கட்டு மாற்றுவோம். டாக்டரம்மா வேறு யாரையும் அந்தக் கட்டைத் தொடவிடவில்லை. சுண்டுவிரல் கறுத்தது, பிறகு அடுத்தது. ஒரு நாள் வாடை மாறியது, எனக்கே தெரிந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அன்றைக்கு எங்கள் மேனேஜர் அறைக்குள் வந்தார். ஒட்டன்சத்திரத்துப் பையன், நல்ல பையன், யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாது. "மேடம், மனசுக்குக் கஷ்டமாத்தானுங்க இருக்குது. ஆனா ஒரு வகையில, அங்க வச்சுக் கால எடுத்தா நம்ம கணக்குல வராதுங்க" என்றார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார். டாக்டரம்மா, "சரிப்பா" என்றார்.

மதுரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த மாசக் கடைசிக் கூட்டத்தில் டீ கொடுக்க நான் போயிருந்தேன். பாதப் பரிசோதனையில் எங்கள் டாக்டரம்மாதான் முதல் என்று சென்னையிலிருந்து வந்திருந்தது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள். நின்றார். கைதட்டல் ஓய்ந்ததும் மேனேஜரைப் பார்த்து, கடையில் ஏதோ சாமான் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

"பாய் கால இதுல எங்க எழுதுறது?"

"எந்தப் பாய் மேடம்?" பிறகு நினைவு வந்து, தாளைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லீங்களே மேடம்."

"அவருக்குப் பாதம் பாத்ததா டிக் இருக்கா?"

"இருக்குதுங்க. ஒவ்வொரு தடவையும் இருக்குதுங்க."

"இந்த மாசப் படி எனக்கு வேணாம்னா?"

மேனேஜர் தவித்துப்போனார். "அது கம்ப்யூட்டர்ல தானா ஏறிக்குமுங்க. வேணாம்னு சொல்றதுக்கு வழி வைக்கலீங்க."

டாக்டரம்மா உட்கார்ந்துவிட்டார். அடுத்த டாக்டர் பேரை வாசித்தார்கள். நான் டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், குடித்தார், காலி டம்ளரைத் தட்டில் திருப்பி வைத்தார். எல்லாம் எப்போதும் போலத்தான்.

மறுநாள் வந்து பார்த்தால் அவருடைய நாற்காலிக்கும் நோயாளி நாற்காலிக்கும் நடுவில் ஒரு மர ஸ்டூல். குட்டை முக்காலியும் பச்சைத் துணியும் மூலைக்குப் போயிருந்தன. "கால இதுமேல வைங்க" என்றார் வருகிறவர்களிடம். கையுறை போட்டுப் பார்த்தார். வெளியே என்னை எழுதச் சொல்லி ஒரு அட்டை மாட்டினார்: கால் கழுவாமல் வரவும். படித்துவிட்டுச் சிரித்தார்கள். "கோயிலுக்குப் போறப்ப கழுவாமப் போவமா?" என்று ஒரு அம்மா என்னிடமே கேட்டது. கழுவித்தான் வந்தார்கள்.

ஆனால் மடி இல்லாதது அவர்களுக்கு உறுத்தியது. முதலில் வேண்டவே வேண்டாம் என்று ஓடினவர்கள்தான். தோல் ஷாப்காரர் ஸ்டூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலை அதன்மேல் வைத்தார். வெளியே வந்து என்னிடம் மட்டும், "நான்தான் அன்னைக்கே வாடை அடிக்கும்னு சொன்னேனே" என்றார். அதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "எதுல கழுவுனீங்க" என்ற கேள்வி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. அதை எல்லாரிடமும், ஒரே குரலில் கேட்டார். பச்சைத் தண்ணி என்று சொன்னால் தலையாட்டுவார். திட்டுவது நின்றுபோனது. அறையில் சிரிப்புச் சத்தம் இல்லை என்பதே எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது.

மழைக்காலம் போய்ப் பனி இறங்கியபோது பாய் வந்தார். இரண்டு கக்கத்திலும் கட்டை. அதே பெரிய உடம்பு, சட்டை மட்டும் தொளதொளத்தது. நான் வரிசையை விட்டு முதலில் உள்ளே அனுப்பினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. டாக்டரம்மா முந்தின ஆளுடைய தாளில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. நிமிராமலே சொன்னார்.

"காலைக் காட்டுங்க."

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார். கையில் பேனா அப்படியே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பாய் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவைத்தார். அவசரமில்லாமல் குனிந்து, இடது கால் செருப்பைக் கழற்றினார். காலை முன்னால் நீட்டினார். கணுக்கால் வரைக்கும் கரி. விரல் இடுக்கில் சாம்பல். குதிகாலில் நெய்ப் பிசுக்கின்மேல் தெருப்புழுதி அப்பியிருந்தது.

"கழுவல டாக்டரம்மா" என்றார். "உக்காந்துக்கிட்டுத்தான் தாளிக்கிறேன் இப்ப. அடுப்படியில இருந்து அப்படியே கொண்டாந்துட்டேன்."

டாக்டரம்மா எழுந்தார். மர ஸ்டூலைக் காலால் ஓரத்துக்குத் தள்ளினார். மூலையில் இருந்த முக்காலியை எடுத்துப்போட்டு உட்கார்ந்தார். பச்சைத் துணிக்கு நான் ஓடினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். கையுறையை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டில் கரி அப்பியது.

நைலான் நரம்பை எடுத்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டார். இந்தத் தடவை உடனே எதுவும் சொல்லவில்லை. டாக்டரம்மா கட்டைவிரலுக்கு அடியில் அழுத்தினார். நரம்பு வளைந்தது.

"தெரியுதா பாய்?"

பாய் நன்றாக யோசித்தார்.

"இல்லம்மா."

நரம்பை எடுத்து, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"இப்ப?"

"இல்ல."

தாள் மேஜைமேல் இருந்தது. காற்றாடிக் காற்றில் அதன் ஓரம் ஏறி ஏறி இறங்கியது. டாக்டரம்மா நரம்பை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்.